சிடார் கிரீக்கில் கயாக்கும் ஜியோகேஷிங்கும்: ஒரு வாடகைப் படகுச் சேவை பற்றி

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்த ஓடையில் எல்லாமே அதைப் பொறுத்துத்தான். நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் காட்டில் டபுள் டிரபிள் ஸ்டேட் பார்க் வழியாக ஓடி பார்னகாட் விரிகுடாவில் சேரும் சின்ன ஓடை சிடார் கிரீக். பல இடங்களில் இரு கரைப் புதர்களும் துடுப்பில் உரசும், ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும், நீளமான கயாக் என்றால் திருப்புவதற்குள் மூக்கு புதருக்குள் போய்விடும். கடையில் இருந்தவர் எங்கள் உயரம், எடை, முன்னால் துடுப்புப் போட்ட பழக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு, பத்தடிக்கும் குறைவான படகுகளையே எடுத்துக் கொடுத்தார். இதற்காகவே முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

காரைக் கீழே டட்லி பார்க்கில் விட்டுவிட வேண்டும். வேனில் ஏற்றிக்கொண்டுபோய் மேலே 'ஓர் பாண்ட்' (Ore Pond) என்ற குளத்தருகே இறக்கிவிடுகிறார்கள், அப்புறம் நீரோட்டத்தோடு இறங்கி வந்தால் நம் கார் நிற்கும் இடத்திலேயே கரையேறலாம். கூட யாரும் வருவதில்லை, சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டுவதும் இல்லை.

ஜியோகேஷிங் செய்கிறவர்களுக்கு இந்த நிதானம்தான் முக்கியம். 2000 மே மாதம் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது, அந்த வாரமே ஆரிகனில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டில் ஒளித்துவைத்து அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார், இப்படி ஒளித்த பெட்டிகளை ஜிபிஎஸ் வைத்துத் தேடுவதுதான் அங்கே தொடங்கிய இந்த விளையாட்டு. படகில்லாமல் எட்ட முடியாத பெட்டிக்கு டெரெய்ன் 5 என்று போடுவார்கள், போய்ச் சேரும் வழி எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணில் அதுதான் உச்சம். இங்கே கஷ்டம் என்னவென்றால், மரங்களின் அடியில் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், நாம் திரையைப் பார்ப்பதற்குள் ஓட்டம் படகைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய், மூக்கை மேல்நோக்கித் திருப்பி, ஒரு கிளையில் கயிற்றைக் கட்டிவிட்டு அப்புறம் தேடுவதுதான் வழி. கரை மாதிரித் தெரிவது பல இடங்களில் பாசிதான், துடுப்பால் குத்திப் பார்க்காமல் காலை வைக்காதீர்கள். பூச்சி தின்னும் பிட்சர் செடியும் சண்ட்யூவும் வளரும் மண் அது, பெட்டிக்காக அவற்றை மிதித்துக்கொண்டு போவது எனக்குச் சம்மதமில்லை.

தண்ணீர் பால் விடாத டீ நிறத்தில் இருக்கும். அழுக்கில்லை, சிடார் மரங்களின் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்த நிறம். அக்டோபரில் மேப்பிளும் கரையோர ப்ளூபெரிப் புதர்களும் சிவந்து நிற்க, சிடார் மட்டும் கரும்பச்சையாகவே இருக்கும், இரண்டும் ஒன்றாக அந்த நீரில் தெரியும்போது துடுப்பைக் கீழே வைத்துவிடத் தோன்றும்.

குறையும் உண்டு. நீர் புகாத பை என்று வாடகைக்குக் கொடுத்தது நன்றாகவே ஒழுகியது, மாற்றுத்துணி முழுக்க நனைந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி, ஆனாலும் பையை நீங்களே கொண்டுபோங்கள். விழுந்து கிடக்கும் மரங்களைப் பற்றியும் வேனில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். கிளைகளுக்கிடையே தண்ணீர் போய்விடும், படகும் ஆளும் மாட்டிக்கொள்வார்கள். ஓடை ஆழமில்லை என்றாலும் அந்தக் குளிரில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது.

நேரமிருந்தால் பார்க்குக்குள் இருக்கும் பழைய மர அறுவை ஆலையையும் கிரான்பெரி பழங்களைத் தரம் பிரித்த கட்டடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த நிலம் 1964-இல் மாநில அரசின் கைக்கு வந்தது.

முன்பதிவு செய்யும்போது காலை முதல் வேனையே கேளுங்கள். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றிய பிறகு ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பெட்டி தேடுகிறவர்களுக்கு மதிய வேன் போதவே போதாது. வேட்டைக் காலம் என்பதால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பியாவது போட்டுக்கொள்ளுங்கள், பெட்டிகளின் விவரத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.