முதலீடு எல்லாம் ஒரே கோப்பில்: போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ் பயன்படுத்திய அனுபவம்

மியூச்சுவல் ஃபண்டு, பங்கு, பி.பி.எஃப்., வங்கி டெபாசிட், கொஞ்சம் தங்கப் பத்திரம். மாதச் சம்பளக்காரர் பலருடைய சேமிப்பு இப்படி நாலைந்து இடத்தில் பிரிந்துதான் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி, ஒரு பாஸ்வேர்டு. எல்லாம் சேர்த்து எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை சதவீதம் வளர்ந்திருக்கிறது என்று கேட்டால் அந்தச் செயலிகள் எதிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ் என்ற மென்பொருளுக்கு வந்தேன். சில வருடங்களாக அதில்தான் கணக்கு வைத்திருக்கிறேன்.

ஜெர்மனியில் உருவான இலவச, திறந்தமூல மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணக்கு முழுவதும் நம் கணினியிலேயே ஒரு கோப்பாக இருக்கும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம். எனக்கு இதுதான் முதல் காரணம். முன்பு வைத்திருந்த ஓர் இலவசச் செயலி மின்னஞ்சலையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் படிக்க அனுமதி கேட்டது. கொடுத்த கொஞ்ச நாளில் கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டது. நம் சொத்து விவரம் முழுவதும் தெரிந்துகொண்டு நமக்கே சரக்கு விற்க வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொடங்குவதுதான் இதில் பெரிய வேலை. இன்றைய மதிப்பை மட்டும் போட்டுத் தொடங்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாங்கிய தேதியும் வாங்கிய விலையும் இல்லாமல் வருமான விகிதமும் வராது, வரிக் கணக்கும் வராது. முதல் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஃபண்டில் கட்டும்) தவணையிலிருந்தே ஏற்றுங்கள். இதற்குக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கேம்ஸ் என்பது ஃபண்டு நிறுவனங்களுக்காக முதலீட்டாளர் கணக்கை வைத்திருக்கும் நிறுவனம். அதன் இணையதளத்தில் சி.ஏ.எஸ். என்ற ஒருங்கிணைந்த அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். கேம்ஸ், அதே வேலையைச் செய்யும் கேஃபின்டெக் இரண்டிலும் உள்ள ஃபண்டுகள் அதில் சேர்ந்தே வரும். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்: சுருக்க அறிக்கை வேண்டாம், விரிவான அறிக்கையைத் தேர்ந்தெடுங்கள், தொடக்கத் தேதியை நீங்கள் முதலீடு செய்ய ஆரம்பித்ததற்கும் முன்னால் தள்ளி வையுங்கள், இருப்பு பூஜ்யமான ஃபோலியோக்களும் (ஃபண்டு கணக்குகளும்) சேர்ந்து வருகிற மாதிரி கேளுங்கள். கடைசி விஷயம் விட்டுப்போனால், எப்போதோ விற்று முடித்த ஃபண்டுகள் கணக்கில் வராமல் மொத்த வருமானம் தவறாகத் தெரியும்.

வருகிற பி.டி.எஃப்.ஐ காஸ்பார்சர் என்ற திறந்தமூலக் கருவி சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக மாற்றித் தரும். அதை இந்த மென்பொருள் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். எந்தப் பத்தி தேதி, எந்தப் பத்தி யூனிட் என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும். இங்கே ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்பும். 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போயிருக்கும், யூனிட்டை என்.ஏ.வி.யால், அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலையால், பெருக்கிப் பார்த்தால் 4,999.75 என்று வரும். அந்த 25 பைசா முத்திரைத் தீர்வை. 2020 ஜூலை 1 முதல் ஃபண்டு வாங்கும்போது 0.005 சதவீதம் பிடிக்கிறார்கள். சி.ஏ.எஸ்.ஸில் அது தனிப் பதிவாக இருக்கும். அதைக் கட்டணம் என்ற கட்டத்தில் போட்டால் வங்கிக் கணக்கோடு பைசா சுத்தமாகப் பொருந்தும். அதே மாதிரி தேதி. வங்கியில் பணம் எடுத்த தேதியைப் போடக் கூடாது. 2021 பிப்ரவரி முதல் பணம் ஃபண்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளின் என்.ஏ.வி.தான் கிடைக்கிறது. சி.ஏ.எஸ்.ஸில் உள்ள தேதியையே நம்புங்கள்.

அப்புறம் விலை. பங்குகளுக்கு யாஹூ ஃபைனான்ஸிலிருந்து தானாக வரும். ஃபண்டுக்கு, ஆம்ஃபி (ஃபண்டு நிறுவனங்களின் சங்கம்) தினமும் வெளியிடும் என்.ஏ.வி.யை எடுத்துத் தரும் எம்.எஃப். ஏ.பி.ஐ. என்ற இலவசச் சேவை இருக்கிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஆம்ஃபி கொடுத்த ஆறு இலக்க எண் உண்டு. அந்த எண்ணோடு சேவையின் இணைய முகவரியைக் கொடுத்து, தேதி எங்கே இருக்கிறது, விலை எங்கே இருக்கிறது என்று இரண்டு கட்டங்களில் நிரப்பினால் பழைய விலை முழுவதும் வந்து இறங்கிவிடும். ஒரு ஃபண்டுக்குச் சரியாக வந்துவிட்டால் மற்றவற்றுக்கு எண்ணை மாற்றுவது மட்டும்தான் வேலை. ஆனால் ஒரே ஃபண்டின் டைரக்ட் (நேராக வாங்குவது), ரெகுலர் (முகவர் கமிஷனோடு வாங்குவது) இரண்டின் எண்ணும் வேறு வேறு. இதில் மட்டும் கண் வேண்டும்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு என்ன கிடைத்தது? முதலில், உண்மையான வருமான விகிதம். மாதம் 5,000 வீதம் ஒரு வருடம் கட்டிய 60,000 ரூபாய், வருடக் கடைசியில் 63,300 ஆகியிருந்தால், 5.5 சதவீதம்தானே, டெபாசிட்டே மேல் என்று தோன்றும். ஆனால் கடைசித் தவணை ஒரு மாதம்தான் உள்ளே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தவணையும் இருந்த காலத்தைக் கணக்கில் எடுத்தால் ஏறக்குறைய 10 சதவீதம். மென்பொருள் இதை ஐ.ஆர்.ஆர். என்று காட்டும். ஃபண்டு தனியாக, பங்கு தனியாக, எல்லாம் சேர்த்து, எந்தக் காலத்துக்கு வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஒப்பிடுவதற்கு நிஃப்டியை வைக்காதீர்கள். யாஹூவில் வரும் நிஃப்டி எண்ணில் டிவிடெண்ட் சேராது; அதனால் நம் ஃபண்டு கெட்டிக்காரத்தனமாக ஓடுவதுபோல் தெரியும். ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் குரோத் (டிவிடெண்ட் உள்ளேயே சேரும் வகை) என்.ஏ.வி.யை ஒப்பீட்டுக் கோடாக வைத்தால்தான் நியாயமான போட்டி. இதைச் செய்த பிறகு நான் இரண்டு ஃபண்டுகளுக்குப் புதுப் பணம் போடுவதை நிறுத்தினேன். ரெகுலர் திட்டத்தில் இருப்பவர்கள் அதே ஃபண்டின் டைரக்ட் கோட்டையும் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். 2013 ஜனவரியிலிருந்தே டைரக்ட் திட்டம் இருக்கிறது, கோடு நீளமாகவே கிடைக்கும். எவ்வளவு கமிஷன் போகிறது என்று வேறு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது, எதில் எவ்வளவு இருக்கிறது என்ற பங்கீடு. பங்கு 60, கடன் (வட்டி தரும் டெபாசிட், பத்திரம் போன்றவை) 30, தங்கம் 10 சதவீதம் என்று நாம் ஒரு இலக்கு கொடுத்தால், இப்போது எங்கே நிற்கிறோம், எவ்வளவு ரூபாய் கூட, எவ்வளவு குறைவு என்று காட்டும். பங்கும் கடனும் கலந்த ஹைபிரிட் ஃபண்டை 65, 35 என்று பிரித்தும் வைக்கலாம். சந்தை ஏறும்போது பங்குப் பகுதி சத்தமில்லாமல் பெருத்துவிடும். அப்போது நான் எதையும் விற்பதில்லை. அடுத்த மாதங்களின் பணத்தைக் கடன் பக்கம் திருப்புவேன். வரியும் மிச்சம்.

குறைகளும் உண்டு. இது நம் ஊர் வழக்கத்துக்கு எழுதப்பட்டதல்ல. பி.பி.எஃப்., இ.பி.எஃப். என்றெல்லாம் வகை கிடையாது. நான் அவற்றைப் பணக் கணக்காகத் திறந்து, வட்டி வரவு வைக்கப்பட்ட பிறகு பாஸ்புக்கைப் பார்த்து ஒரே பதிவாகப் போடுகிறேன். ஆகவே வருடம் முழுவதும் கோடு படுத்திருந்து கடைசியில் ஒரு படி ஏறும். பழகிவிட்டது.

பெரிய தலைவலி டிமெர்ஜர், அதாவது ஒரு நிறுவனத்தின் ஒரு பகுதி தனி நிறுவனமாகப் பிரிவது. 2023 ஜூலையில் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது, பங்குக்கு ஒரு பங்கு கிடைத்தது. வாங்கிய விலையில் 95.32 சதவீதம் ரிலையன்ஸுக்கு, 4.68 சதவீதம் புதிய பங்குக்கு என்று நிறுவனம் அறிவித்தது. பழைய ரிலையன்ஸ் பதிவுகள் ஒவ்வொன்றையும் அந்த விகிதத்தில் குறைத்து, மீதித் தொகைக்கு அதே தேதியில் ஜியோ வாங்கியதாகப் போட்டேன். டிமெர்ஜரில் கிடைத்த பங்குக்கு வைத்திருந்த காலம் பழைய பங்கின் தேதியிலிருந்தே எண்ணப்படும் என்பதால் வரிக்கும் இது பொருந்துகிறது. ஜியோவுக்கு 2023 ஆகஸ்டுக்கு முன் சந்தை விலையே இல்லை என்பதால் பழைய கிராஃபில் ஒரு கோணல் தெரியும். அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வரிக் கணக்கையும் இதையே நம்பிப் போட முடியாது. 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்கு, பங்கு ஃபண்டுகளுக்கு அன்றைய விலையை வைத்துப் பார்க்கும் சலுகை, 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய கடன் ஃபண்டுக்குத் தனி விதி, 2024 ஜூலை 23 முதல் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம், இவை எதுவும் அதற்குத் தெரியாது. கேம்ஸ், கேஃபின்டெக் தரும் மூலதன லாப அறிக்கைதான் ஆதாரம். ஆனால் விற்பதற்கு முன்னாலேயே எந்த யூனிட் முதலில் போகும், எவ்வளவு லாபம் வரும் என்று இதில் பார்த்துக்கொள்கிறேன். முதலில் வாங்கியது முதலில் போகும் என்ற முறை அதில் இருக்கிறது. பங்கு, பங்கு ஃபண்டுகளில் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை என்பதால் மார்ச் மாதத்தில் இது நிஜமாகவே பணம் மிச்சம் பிடித்துத் தரும்.

இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியம். கேட்பாரில்லாத வங்கி டெபாசிட்டுகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் உத்கம் என்று ஒரு தளமே திறக்க வேண்டியிருந்தது. எங்கே என்ன இருக்கிறது என்று வீட்டில் தெரியாமல் போவது அவ்வளவு சாதாரணம். ஒவ்வொரு கணக்கின் குறிப்புக் கட்டத்திலும் ஃபோலியோ எண், நாமினி பெயர், எந்தக் கிளை என்று எழுதி வைத்திருக்கிறேன். கோப்பின் ஒரு பிரதி பென் டிரைவில் இருக்கிறது, பாஸ்வேர்டு மனைவிக்குத் தெரியும். கணினியே திறக்காமல் படிக்க ஒரு பக்க அச்சுப் பிரதி பீரோவில், பாலிசிப் பத்திரங்களோடு.

தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். ஒரு ஃபண்டை எடுங்கள். மென்பொருள் காட்டும் யூனிட்டும் சி.ஏ.எஸ்.ஸில் உள்ள யூனிட்டும் மூன்று தசமம் வரை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தும்வரை எந்தக் கிராஃபையும் திறக்காதீர்கள். பொருந்தினால் அடுத்த ஃபண்டு. ஃபண்டுகள் முடிந்ததும் பங்கு, கடைசியாக பி.பி.எஃப்.பும் டெபாசிட்டும். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.