வாட்டர் போலோ தடுப்பு: ஒட்டிக்கொள்வதா, பின்வாங்குவதா?

நீந்தியபடி பந்தைக் கோலுக்குள் எறியும் வாட்டர் போலோவின் விதிகளை வரிசையாக மனப்பாடம் செய்யச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏறாது. தடுப்பாட்டத்தின் இரண்டு வழிகளை எதிரெதிரே வைத்தால் பாதி விதிகள் தானாகப் பிடிபடும். ஒன்று பிரஸ்: ஆளுக்கு ஒருவரை ஒட்டிக்கொள்வது. மற்றது ஜோன்: பின்வாங்கி, கோலுக்கு முன்னால் உள்ள இடத்தை அடைப்பது.

எதுவானாலும் ஓர் அணிக்குத் தண்ணீரில் ஆறு பேர், கோல்கீப்பரோடு ஏழு. தரையில் கால் ஊன்றுவதும் இரண்டு கையால் பந்தைத் தொடுவதும் கோல்கீப்பருக்கு மட்டும், அதுவும் தன் கோலருகே.

பிரஸ்ஸின் சூட்சுமம் ஒரே விதியில் இருக்கிறது. எதிராளி பந்தைக் கையில் பிடித்திருக்கும்வரை அவர் தோளைப் பிடித்து அமுக்கலாம், ஃபவுல் இல்லை. பந்தை விடுகிறார், அது ஒரு சாண் தள்ளி மிதக்கிறது. இப்போது அதே தோளை அதே கை அமுக்கினால் விசில்! "முதலில் விசில் ஊதவில்லையே, இப்போது ஏன்?" என்று புதியவர்கள் நடுவரை முறைப்பது இங்கேதான். விவரமான சென்டர் ஃபார்வர்டு (எதிரணிக் கோலுக்கு நேர் முன்னால் நின்று தாக்குபவர்) வேண்டுமென்றே பந்தை விட்டு ஃபவுல் வாங்குவார்.

கோலிலிருந்து 6 மீட்டர் கோட்டுக்குள் நடக்கும் சாதாரண ஃபவுலால் தடுப்பவருக்கு நஷ்டம் குறைவு. அதற்கு எதிரணிக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை நேரே கோலுக்கு அடிக்க முடியாது. கோட்டுக்கு வெளியே என்றால் அடிக்கலாம், கவனம். பந்து கையில் இல்லாதவரைப் பிடித்து இழுத்தாலோ மூழ்கடித்தாலோ சில விநாடிகள் வெளியே. அதுவரை ஐந்து பேர் ஆறு பேரைச் சமாளிக்க வேண்டும். ஒருவருக்கு மூன்று முறை இப்படி ஆனால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. கோலைப் பார்த்து ஷாட் அடிக்கப் போகிறவரை 6 மீட்டருக்குள் பின்னாலிருந்து தடுத்தால் பெனால்டி, 5 மீட்டரிலிருந்து.

ஜோனில் இந்தத் தலைவலி குறைவு. சென்டரை இருவர் மடக்கிக்கொண்டு, தூரத்து ஷாட்டை எதிரிக்கே விட்டுவிடலாம். தடுப்பவர் ஒரு கையைத்தான் உயர்த்த வேண்டும்; பழக்கதோஷத்தில் இரண்டையும் தூக்கினால் வினை. அந்தக் கை கோலின் ஒரு பக்கத்தை மறைக்கும், மறுபக்கம் கோல்கீப்பர் பொறுப்பு. முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் இருவரும் ஒரே பக்கம் பாய்வார்கள்.

பள்ளி அளவில் 7, 8 மீட்டரிலிருந்து கோல் போடும் தோள் சிலருக்குத்தான். அதனால் போட்டியில் என் ஓட்டு ஜோனுக்கு. பயிற்சியில் மட்டும் பிரஸ். ஜோனிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கால் சோம்பிவிடும், எக்பீட்டர் உதை (கால்களை மாறி மாறிச் சுழற்றி நிமிர்ந்து மிதப்பது) தேறாது. கடைசிக் குவார்ட்டரில் பின்தங்கியிருந்தால் பேச்சே இல்லை, பிரஸ்தான். பந்து கிடைத்த அணி ஷாட் அடிக்க ஷாட் கிளாக் என்ற நேரக் கெடு உண்டு. அதை எதிரி நிம்மதியாகக் கரைக்க விடக் கூடாது.

அப்புறம் ஒன்று. ஒரே ஆள் ஒரே இடத்திலிருந்து இரண்டு கோல் போட்டுவிட்டாரா? அவரை மட்டும் ஒருவர் ஒட்டிக்கொள்ளட்டும், மற்ற ஐவரும் ஜோனிலேயே இருக்கலாம்.