புரொஃபைல் பட்டியல் எடுக்கும் ஸ்கிரிப்ட்: மூன்று வருட அனுபவம்

நான் வேலை பார்ப்பது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். ஒன்பது கம்ப்யூட்டர்கள். ஜிஎஸ்டி லாகின்கள் ஒன்றோடொன்று குழம்பக் கூடாது என்பதற்காக, கிளையன்ட் ஒவ்வொருவருக்கும் குரோம் பிரவுசரில் தனித்தனி புரொஃபைல் (லாகின், புக்மார்க் எல்லாம் தனியாக இருக்கும் பகுதி). எந்தக் கம்ப்யூட்டரில் யாருடையது இருக்கிறது என்று வாரம் ஒருமுறை பட்டியல் எடுத்து பேக்கப் போடுவது என் தலையில். அதற்காக எழுதிய சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் (சிறு புரோகிராம்) மூன்று வருடமாக ஓடுகிறது.

முதலில் விவரம் தெரியாமல் ஃபோல்டர்களைத்தான் எண்ணினேன். குரோமின் 'யூசர் டேட்டா' ஃபோல்டருக்குள் 'டிஃபால்ட்', 'புரொஃபைல் 1', 'புரொஃபைல் 4' என்று கிடக்கும். இடையில் 2, 3 எங்கே என்று தேடி ஒரு மதியம் போனது. அழித்த புரொஃபைலின் எண்ணைக் குரோம் திரும்பக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். 'சிஸ்டம் புரொஃபைல்', 'கெஸ்ட் புரொஃபைல்' ஃபோல்டர்களும் இருக்கும். அவை கணக்கில் சேராது. நாம் வைத்த பெயரோ ஃபோல்டரில் தெரியவே தெரியாது.

பெயர் இருப்பது அங்கேயே உள்ள 'லோக்கல் ஸ்டேட்' ஃபைலில். எக்ஸ்டென்ஷன் இல்லை என்றாலும் உள்ளே இருப்பது ஜேசன் என்ற, தகவல்களைப் பெயரிட்டு எழுதிவைக்கும் முறைதான். அதில் 'புரொஃபைல்' பகுதிக்குக் கீழே 'இன்ஃபோ_கேஷ்' என்று இருக்கும். எந்த ஃபோல்டருக்கு என்ன பெயர் என்று அதில் எழுதியிருக்கும். எட்ஜ், பிரேவ் பிரவுசர்களுக்கும் இதே முறைதான், பாதை மட்டும் வேறு.

விண்டோஸில் ஒரு வேடிக்கை. 'கடை' என்று பெயர் வைத்த புரொஃபைல் பட்டியலில் ஏதோ கிறுக்கலாக வந்தது. 'அம்மா' என்ற பெயர் வந்ததும் ஸ்கிரிப்ட் நின்றேபோனது. ஃபைல் இருப்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 முறையில். பைத்தான் அதை விண்டோஸின் பழைய எழுத்துமுறையில் படித்திருக்கிறது. 'ம்' மேல் உள்ள புள்ளியின் ஒரு பைட்டுக்கு அந்த முறையில் எழுத்தே கிடையாது. ஃபைலைத் திறக்கும்போதே யுடிஎஃப்-8 என்று சொன்னதும் சரியானது.

உண்மையில் அடிபட்டது ஃபயர்ஃபாக்ஸில். அதன் பதிவேடு 'புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ'. அதில் 'டிஃபால்ட்=1' என்றிருந்ததுதான் பயன்பாட்டில் உள்ளது என்று நம்பி, அந்தப் புரொஃபைலை மட்டும் பேக்கப் எடுத்துவந்தேன். ஒருநாள் ஒரு ஹார்ட் டிஸ்க் போனது. எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். "அண்ணே, புக்மார்க் ஒண்ணுகூட இல்லையே?" என்றாள் அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பெண். பார்த்தால், எட்டு மாதமாக நான் எடுத்தது வெறும் ஃபோல்டர். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, ஃபயர்ஃபாக்ஸ் தான் நிறுவப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புரொஃபைலை ஒதுக்குகிறது. அந்த விவரம் 'இன்ஸ்டால்' என்று தொடங்கும் இன்னொரு பகுதியில் இருக்கிறது. அவள் தினமும் பயன்படுத்தியது 'டிஃபால்ட்-ரிலீஸ்' என்று முடிந்த ஃபோல்டர். நான் எடுத்தது 'டிஃபால்ட்' என்று முடிந்தது. அன்றோடு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை விட்டேன். இப்போது இருப்பதெல்லாம் பட்டியலில் வரும், ஒவ்வொன்றின் அளவோடும். வெறும் ஃபோல்டர் என்றால் அளவே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் 'புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ'யில் ஒரு புரொஃபைலுக்கு 'இஸ்ரிலேட்டிவ்=0' என்றிருந்தால் அது முழுப் பாதை; முன்னால் எதையும் ஒட்டக் கூடாது. டி டிரைவில் புரொஃபைல் வைத்திருந்த ஒருவரால் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் ஒரு கம்ப்யூட்டருக்கு உபுண்டு லினக்ஸ் போட்டோம். ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைல் பூஜ்யம் என்றது ஸ்கிரிப்ட். ஸ்னாப் என்ற உபுண்டுவின் நிறுவல் முறை வழியாக வரும் ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைல்களை வழக்கமான இடத்தில் வைக்காமல், பயனரின் ஹோம் ஃபோல்டரில் உள்ள 'ஸ்னாப்' ஃபோல்டருக்குள் வைக்கிறது. அந்தப் பாதையையும் சேர்த்தேன். இப்போதெல்லாம் எதுவும் கிடைக்காவிட்டால் ஸ்கிரிப்ட் பூஜ்யம் என்று போடாது; எங்கெங்கே தேடியது என்று பாதைகளை வரிசையாகக் காட்டும்.