அலாஸ்கா திமிங்கலப் பயணம்: சின்னக் கப்பலுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

தென்கிழக்கு அலாஸ்காவில் சின்னக் கப்பலில் ஒரு வாரம் தங்கித் திமிங்கலம் பார்க்க யாராவது பணம் சேர்த்துக்கொண்டிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். போன ஆகஸ்டில் நானும் என் கணவரும் அம்மாவும் ஆளுக்கு ஆறாயிரம் டாலருக்கு மேல் கொடுத்துப் போனோம். சொன்னதில் பாதி கிடைக்கவில்லை. கிடைத்ததிலும் ஒரு பகுதி சட்டத்துக்குப் புறம்பாக நடந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான், இந்த அளவுக் கப்பல்களில் போகிறவர்களின் பணத்துக்கு எவ்வளவு குறைவான பாதுகாப்பு இருக்கிறது என்று தெரிந்தது. வங்கியில் முறையீடு நடப்பதால் கம்பெனியின் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய வழியை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதே வழியில் வேறு யாரும் ஏமாற்ற முடியும்.

முதலில் ஒன்று. இந்தப் பயணமே தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஹம்ப்பேக் திமிங்கலங்கள் குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டு, அங்கே அநேகமாக எதுவும் சாப்பிடாமல், கோடையில் அலாஸ்காவின் கரையோரக் கடலுக்கு வந்துதான் வயிறு நிறையத் தின்கின்றன. தீவுகளுக்கு நடுவே ஓடும் அமைதியான நீர்வழிகளில் கரைக்கு வெகு அருகிலேயே அவற்றைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கானோர் போகும் பெரிய கப்பலின் உயரமான தளத்திலிருந்து பார்ப்பதற்கும், முப்பது பேர் மட்டும் இருக்கும் கப்பலில் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று அதன் மூச்சுச் சத்தத்தைக் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஒழுங்காக நடத்தும் கம்பெனிகளும் இருக்கின்றன. அதனால்தான் இப்படிச் செய்கிறவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

விளம்பரத்தில் எங்களை இழுத்தவை மூன்று. ஒரு முழு நாள் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள், மார்ஜரி பனியாறு வரை. கப்பலிலேயே தங்கும் பயிற்சி பெற்ற இயற்கை வழிகாட்டி ஒருவர். நீருக்கடியில் திமிங்கலம் எழுப்பும் ஒலியைக் கேட்க ஹைட்ரோஃபோன். மூன்றையும் மின்னஞ்சலில் தனித்தனியாகக் கேட்டேன். மூன்றுக்கும் ‘ஆமாம், உண்டு’ என்று எழுத்திலேயே பதில் வந்தது. அதன் பிறகுதான் பணம் கட்டினோம்.

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் ஏறிய அன்றைக்கே வழிகாட்டியைப் பற்றித் தெரிந்துவிட்டது. ‘எங்கள் நேச்சுரலிஸ்ட்’ என்று அறிமுகப்படுத்தப்பட்ட பையன் நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கயிறு கட்டவும், அறைகளைச் சுத்தம் செய்யவும், சாப்பாடு பரிமாறவும் வேலைக்குச் சேர்ந்தவன். அலாஸ்காவுக்கு வந்ததே அந்தக் கோடையில்தான். யாராவது கேள்வி கேட்டால் கப்பல் அலமாரியில் இருந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொன்னான். வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைத் திட்டுகளை வைத்து ஒவ்வொரு ஹம்ப்பேக்கையும் தனியாக அடையாளம் காணலாம் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஹைட்ரோஃபோன் ‘பழுதுபார்க்கப் போயிருக்கிறது’ என்றார்கள். முந்தைய மாதம் அதே கப்பலில் போன ஒருவரிடம் பிறகு பேசினேன். அவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, திமிங்கலத்தைப் பார்த்தால் போதும் என்று அம்மா சமாதானம் சொன்னார். ஃபிரெடெரிக் சவுண்ட் என்ற அகன்ற நீர்ப்பரப்புக்கு வந்தோம். கோடையில் ஹம்ப்பேக்குகள் அதிகம் கூடும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு கூட்டம் குமிழி வலை போட்டு ஹெர்ரிங் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்று நீருக்கடியில் வட்டமாகக் குமிழிகளை விடும். இன்னொன்று நீளமாக ஓர் ஒலி எழுப்பும். மீன்கள் மிரண்டு வட்டத்துக்குள் நெருக்கியடித்து மேலே வர, எல்லாத் திமிங்கலங்களும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு மேலெழும். எல்லா ஹம்ப்பேக்குகளும் இப்படி வேட்டையாடுவதில்லை. இதைப் பார்க்கத்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்து இங்கே வருகிறார்கள்.

அலாஸ்காவில் ஹம்ப்பேக்கிடமிருந்து 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர், விலகி நிற்க வேண்டும் என்பது 2001 முதல் சட்டம். வெறும் அறிவுரை இல்லை. திமிங்கலம் வரும் பாதையில் முன்கூட்டியே போய் நின்று அதைப் பக்கத்தில் மேலெழ வைப்பதையும் அதே சட்டம் பெயர் சொல்லித் தடுக்கிறது. எங்கள் கேப்டன் அதைத்தான் செய்தார். கூட்டம் ஒரு பக்கம் நகரும்போது சுற்றிக்கொண்டு முன்னால் போய் என்ஜினைத் தணித்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடி நகர்ந்தால் மறுபடி முன்னால். அப்பால் நின்ற இரண்டு படகுகள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இது சரியா என்று என் கணவர் கேட்டதற்கு, “அதுங்களே நம்ம கிட்ட வருதுன்னா தப்பு இல்ல” என்கிற மாதிரி பதில் வந்தது. தானாக வந்தால் தப்பில்லைதான். வழியை மறித்து வர வைப்பது வேறு.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு தாயும் குட்டியும் இருந்தன. கப்பல் நெருங்கிய ஒவ்வொரு முறையும் அவை திசை மாறின. கொஞ்ச நேரத்தில் குமிழி வலை நின்றுவிட்டது, கூட்டம் பிரிந்து போனது. “ஏண்டி, அது சாப்பிடற இடத்துல போய் நாம எதுக்கு நிக்கணும்? தள்ளிப் போகச் சொல்லு” என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் போய்ச் சொன்னேன். பயணிகள் நெருக்கமாகப் படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள் என்றார் கேப்டன்.

வட பசிபிக்கில் 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலையில் இரை குறைந்து ஹம்ப்பேக்குகள் பெரிய அடி வாங்கின. 2012-க்கும் 2021-க்கும் இடையே வட பசிபிக்கில் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் அலாஸ்காவின் இந்தப் பகுதிக்குக் குட்டியோடு வரும் தாய்கள் மிக அரிதாகிப்போயின. அப்படிப்பட்ட ஒரு தாயின் சாப்பாட்டைக் கெடுக்க நான் கொடுத்த காசும் உதவியிருக்கிறது என்பதை நினைத்தால் பணம் போனதைவிட அதிகமாக வலிக்கிறது. என் கணவர் எடுத்த காணொளியை, கடல்வாழ் உயிர்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான நோவாவின் (NOAA) சட்ட அமலாக்கப் பிரிவுக்கு அனுப்பினோம். நீங்களும் இப்படி எதையாவது பார்த்தால், நேரமும் இடமும் கப்பல் பெயரும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை.

அடுத்து என்ஜின் கெட்டுப்போனது. கப்பலை அலாஸ்காவின் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊரின் துறையில் கட்டிப்போட்டுவிட்டார்கள். ஒரு நாள் என்றார்கள், அது நீண்டுகொண்டே போனது. அழகான மீன்பிடி ஊர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாங்கள் காசு கொடுத்தது துறையில் கட்டிய கப்பலில் தூங்குவதற்கு இல்லை. கிளம்பிய பிறகு, ‘நேரம் போய்விட்டது, கிளேசியர் பே போக முடியாது, ஐசி ஸ்ட்ரெயிட்டில் திமிங்கலம் பார்த்துவிட்டுத் திரும்புவோம்’ என்று அறிவித்தார்கள். அது கிளேசியர் பேக்கு வெளியே இருக்கும் நீரிணை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். கிளேசியர் பேக்குள் நினைத்தபடி யாரும் நுழைய முடியாது. ஒரு நாளைக்கு 2 பெரிய கப்பல்கள், 3 சின்னச் சுற்றுலாக் கப்பல்கள் என்று பூங்கா நிர்வாகம் கணக்கு வைத்திருக்கிறது. பயணிகளை ஏற்றிக்கொண்டு வணிக நோக்கில் போகிறவர்களுக்குப் பூங்காவின் அனுமதி ஒப்பந்தம் வேண்டும். உள்ளே விதிகளும் கடுமை, ஹம்ப்பேக்கிடமிருந்து கால் கடல் மைல் விலகி நிற்க வேண்டும். அனுமதி பெற்ற கம்பெனிகள் யார் யார் என்பதைப் பூங்கா நிர்வாகமே வெளியிடுகிறது. ஊர் திரும்பியதும் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் கம்பெனி அதில் இல்லை. பூங்கா அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டபோதும் அந்தக் கப்பலுக்கு அனுமதி இல்லை என்றுதான் பதில் வந்தது. என்ஜின் கெடாமல் இருந்திருந்தாலும் நாங்கள் உள்ளே போயிருக்கவே முடியாது. முடியாது என்று தெரிந்தே விற்றிருக்கிறார்கள்.

இதைவிட என்னைப் பயமுறுத்திய விஷயம் ஒன்று உண்டு. ஓர் இரவு நங்கூரம் போட்டிருந்தபோது அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்க மேலே போனேன். கப்பலில் விழித்திருந்தவர் ஒருவரும் இல்லை. கப்பலை ஓட்டும் அறை இருட்டாகக் கிடந்தது. பயணிகள் தங்கும் கப்பலில் இரவு முழுக்க ஒருவர் சுற்றிவந்து காவல் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. 2019 செப்டம்பர் 2 அதிகாலை கலிஃபோர்னியாவில், சாண்டா குரூஸ் தீவுக்குப் பக்கத்தில் கன்செப்ஷன் என்ற படகு தீப்பிடித்து 34 பேர் கீழ்த்தளப் படுக்கையறையில் மாட்டிக்கொண்டு இறந்தார்கள். அந்த இரவிலும் யாரும் காவலுக்கு இல்லை. 2023-இல் அதன் கேப்டனை நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அடுத்த நாள் காலை இதைக் கேட்டபோது, “இங்கே அலையே கிடையாது, கவலைப்படாதீர்கள்” என்றார்கள். தீக்கும் அலைக்கும் என்ன சம்பந்தம்? கடலோரக் காவல்படைக்கும் எழுதினேன்.

அப்புறம் பணம். கம்பெனி தர முன்வந்தது அடுத்த வருடப் பயணத்தில் ஒரு தள்ளுபடி. ஒப்பந்தத்தில் ‘கப்பலையும் வழித்தடத்தையும் மாற்ற உரிமை உண்டு’ என்ற வரியைக் காட்டினார்கள். வானிலைக்காகவும் பழுதுக்காகவும் அந்த வரி வேண்டியதுதான். ஆனால் இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொன்னதை அந்த வரி மூடாது.

அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றும் கப்பலில் 50 அல்லது அதற்கு மேல் படுக்கை இருந்தால், பயணம் நடக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதற்கான நிதி உத்தரவாதத்தை, கப்பல் துறையைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் மேரிடைம் கமிஷனிடம் காட்ட வேண்டும். 50-க்குக் கீழே அந்தக் கட்டாயம் இல்லை. சின்னக் கப்பல் என்று நாம் ஆசைப்பட்டுப் போவதில் பல அந்த வரம்புக்கு வெளியே இருக்கின்றன. கம்பெனி திவாலானாலும் சரி, கைவிரித்தாலும் சரி, நாம்தான் துரத்த வேண்டும். வழக்குப் போடலாமா என்றால், எந்த ஊர் நீதிமன்றத்தில் போட வேண்டும் என்பதையும் பயணச்சீட்டு ஒப்பந்தமே சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்ட நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-லேயே ஒரு கப்பல் வழக்கில் சொல்லிவிட்டது.

எங்களுக்கு மிச்சமிருக்கும் பிடி கிரெடிட் கார்டுதான். பாக்கிப் பணத்தை வங்கி வழியாக நேராக அனுப்பினால் தள்ளுபடி என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம். அந்தத் தள்ளுபடியை நம்பி அனுப்பிய ஒரு வயதான தம்பதி எங்களோடு வந்திருந்தார்கள். அவர்களால் இப்போது வங்கியில் முறையிடக்கூட முடியவில்லை. பயணக் காப்பீடு எடுத்திருந்த இன்னொருவருக்கு, பயணம் ரத்தாகவில்லை, வழித்தடம்தான் மாறியது என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள்.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். கிளேசியர் பே என்று போட்டிருந்தால் பூங்காவின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், கம்பெனியின் வார்த்தையை நம்பாதீர்கள். ‘கிளேசியர் பே பகுதி’, ‘கிளேசியர் பே அருகில்’ என்று எழுதியிருந்தால் உள்ளே போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியின் பெயரையும் அவர் எத்தனை கோடைகள் அங்கே வேலை செய்திருக்கிறார் என்பதையும் கேளுங்கள். உண்மையிலேயே ஆள் வைத்திருப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஜூனோவிலிருந்து போகும் பகல் நேரப் படகாக இருந்தால் ‘வேல் சென்ஸ்’ திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பொறுப்பாகத் திமிங்கலம் காட்டுவதற்கான திட்டம் அது. கப்பலில் ஏறியதும் கடலோரக் காவல்படையின் ஆய்வுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். எத்தனை பயணிகள், எத்தனை ஊழியர்கள், எந்தக் கடற்பகுதி என்பதெல்லாம் அதில் இருக்கும். இரவுக் காவல் யார் என்று முதல் நாளே கேளுங்கள்.

‘திமிங்கலம் நிச்சயம்’ என்ற உத்தரவாதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கோடையில் அந்தப் பக்கம் திமிங்கலம் கண்ணில் படாமல் போவதுதான் அரிது. எங்கள் ஒப்பந்தத்தில் தூரத்தில் தெரியும் ஒரு மூச்சுப் பீச்சலும் ‘பார்த்தது’ என்ற கணக்கில்தான் வந்தது.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தள்ளிப்போடாமல் கார்டு வங்கிக்கு எழுதுங்கள். பில் தகராறுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் காலம், அந்தத் தொகை வந்த முதல் கணக்குச் சீட்டு அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள். முன்பணம் மாதக்கணக்கில் முந்தியே போயிருக்கும் என்பதால், நடக்காத சேவையின் தேதியையும் சேர்த்துக் காட்டுங்கள். எங்கள் வங்கி அதை ஏற்று முறையீட்டைப் பதிவு செய்தது. விளம்பரப் பக்கத்தின் நகல், அவர்கள் ‘உண்டு’ என்று எழுதிய மின்னஞ்சல், பூங்கா அலுவலகத்தின் பதில் ஆகிய மூன்றையும் இணைத்திருக்கிறோம். அதே கப்பலில் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு வந்த மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.