70,000 ரூபாய் போச்சு, சேலத்துல லேப்டாப் வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

லேப்டாப் வாங்கி ஏமாந்த கடைக்கு நேத்து நாலாவது தடவையா நியாயம் கேக்கப் போயிட்டு, சாயந்திரம் வந்ததுல இருந்து கை நடுங்குது. பஸ்ஸுல அழுதுட்டே வந்தேன். 70,000 ரூபாய். லேப்டாப்புக்கு 64,500, வாரண்டி கார்டுக்கு 5,500. அதுல 30,000 சீட்டு எடுத்த காசு, மிச்சம் ரெண்டு கல்யாண சீசன் ராத்திரி ராத்திரியா உக்காந்து சம்பாதிச்சது.

நான் அம்மாப்பேட்டைல வீட்டுல இருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் பண்றேன், நாலஞ்சு ஸ்டுடியோவுக்கு. என் தொழிலுக்கு லேப்டாப்புல முக்கியம் ஸ்கிரீன்தான். கூரைப்புடவையோட அரக்கு அரக்காத் தெரியணும், பொண்ணு முகத்துல மஞ்சள் மஞ்சளாத் தெரியணும், இல்லன்னா பிரிண்ட்ல எல்லாமே மாறிடும். அதனால ஸ்பீடு கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவால்ல, கலர் நல்லா இருக்கணும்னு ஒரு மாசம் விசாரிச்சு 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (ஸ்கிரீன் எத்தனை கலரைக் காட்டும்ங்கறதுக்கு ஒரு அளவு) ஸ்கிரீன் வேணும்னு எழுதி வச்சுக்கிட்டுதான் கடைக்கே போனேன்.

புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கற ஒரு கம்ப்யூட்டர் கடை, பேர் வேண்டாம். உள்ள நுழைஞ்சதும் அங்க வேலை பாக்கற பையன் வாங்கக்கான்னு சேர் போட்டு டீ வரவழைச்சு, எங்க வேலை பாக்கறீங்க, பாப்பா எத்தனாவது படிக்குதுன்னு சொந்தத் தம்பி மாதிரி கேட்டான். டேபிள் மேல இருந்த ஒரு லேப்டாப்ப ஆன் பண்ணி, என் பென்டிரைவ்ல இருந்த ஆல்பத்தையே போட்டுக் காமிச்சான். அவ்வளவு அழகா இருந்துச்சு. அரக்கு அப்படியே அரக்கு. இதுதான்னு முடிவு பண்ணி, வீட்டுக்காரருக்கு அனுப்பறதுக்காக கீழ ஒட்டியிருந்த விலைச் சீட்டையும் ஒரு போட்டோ எடுத்தேன். எந்த லேப்டாப்பைக் காமிச்சான்ங்கறதுக்கு அந்த போட்டோதான் இன்னிக்கு என்கிட்ட இருக்கற ஒரே ஆதாரம்.

பணம் குடுக்கற நேரத்துல அவன் சொன்னான், "இது பத்து பேர் தொட்ட டிஸ்பிளே பீஸுக்கா, உங்களுக்கு எதுக்கு இது, சீல் பிரிக்காத பாக்ஸே தரேன், அதே மாடல்தான்". எனக்கு மனசு குளிர்ந்து போச்சு. இவ்வளவு அக்கறையா சொல்றானேன்னு நெனச்சேன். ஐபிஎஸ் ஸ்கிரீன்தானப்பான்னு கேட்டேன், ஐபிஎஸ்தான்க்கா, சந்தேகமே வேண்டாம்னான். ஜிஎஸ்டி பில் போட்டா 18 பர்சன்ட் சேர்த்தி வரும்க்கா, எஸ்டிமேட் போட்டுத் தரேன், வாரண்டிக்கு அதெல்லாம் தேவையே இல்ல, அதான் மூணு வருஷ கார்டு இருக்கேன்னான். நானும் தலையாட்டிட்டேன். 40,000 யூபிஐல போட்டேன், 30,000 கையில எண்ணிக் குடுத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டா கலர் கொஞ்சம் வெளிறின மாதிரி இருந்துச்சு. அரக்கு செங்கல் கலர்ல தெரிஞ்சுது. போன் பண்ணேன். புது ஸ்கிரீன் அப்படித்தான்க்கா இருக்கும், ஒரு வாரம் ஓட்டுங்க செட் ஆயிடும்னான். நம்பிட்டேன். கலர் கம்மியாத் தெரியுதேன்னு நான் ஏத்தி ஏத்தி வச்சு ஒரு ஆல்பம் முடிச்சு அனுப்பினேன், பிரிண்ட் ஆகி வந்தா மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேர் முகமும் வெயில்ல வெந்த மாதிரி செவப்பு. ஸ்டுடியோ அண்ணன் ஒண்ணும் திட்டல, ஆனா திரும்ப பிரிண்ட் போட்ட காசை என் கூலில புடிச்சுக்கிட்டாரு, அது நியாயம்தான்.

அப்பறம்தான் கருப்பூர் காலேஜ்ல படிக்கற என் சித்தி பையன் வந்து பாத்தான். டிவைஸ் மேனேஜர்ல மானிட்டருக்குள்ள போய் ஸ்கிரீனோட கோட் நம்பரை எடுத்து நெட்ல தேடினான். 45 சதவீதம் என்டிஎஸ்சி (அது இன்னொரு கலர் அளவு), 250 நிட்ஸ் (ஸ்கிரீனோட வெளிச்ச அளவு)னு வந்துச்சு. அது எஸ்ஆர்ஜிபில பாத்தா 60, 65 சதவீதம்கிட்டதான் வருமாம். கடைல நான் எடுத்த போட்டோவையும் பாக்ஸ் மேல இருந்த ஸ்டிக்கரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம். மாடல் பேர் ஒண்ணுதான், பின்னாடி வர்ற கடைசி நாலு எழுத்து வேற. அந்த நாலு எழுத்துலதான் ஸ்கிரீனே மாறுது. ஐபிஎஸ்னு அந்தக் கடைப் பையன் சொன்னது பொய் இல்ல, அதுதான் எனக்கு இன்னும் எரியுது. ஐபிஎஸ்ன்னா சாய்ச்சுப் பாத்தாலும் கலர் மாறாது, அவ்வளவுதான், எத்தனை கலரைக் காட்டும்ங்கறது வேற விஷயம். தெரிஞ்சேதான் அந்த வார்த்தையைப் புடிச்சுக்கிட்டு பேசியிருக்கான்.

சரி வாரண்டியையும் பாத்துருவோம்னு கம்பெனி சைட்ல சீரியல் நம்பரைப் போட்டான் தம்பி. வாரண்டி ஏழு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. இன்னும் அஞ்சே மாசம்தான் பாக்கி. மூணு வருஷம்னு ஒண்ணுமே அதுல இல்ல, ஒரு வருஷம்தான், அதுவும் நாமளே தூக்கிட்டுப் போய்க் குடுக்கற கேரி இன் வாரண்டி. கஸ்டமர் கேர்ல அந்தப் பொண்ணு பொறுமையா பேசுச்சு, ஜிஎஸ்டி பில் அனுப்புங்க மேடம், வாங்கின தேதிக்கு மாத்தித் தரோம்னுச்சு. என்கிட்ட இருக்கறது எஸ்டிமேட் சீட்டு. அதுல சீரியல் நம்பர்கூட இல்ல. 5,500 குடுத்து வாங்கின அந்த மூணு வருஷ கார்டு கடைக்காரன் தானா அச்சடிச்சது, பின்னாடி பொடி எழுத்துல டிஸ்பிளே, பேட்டரி, கீபோர்டு, சார்ஜர் இதுக்கெல்லாம் பொருந்தாதுன்னு போட்டிருக்கு. அப்பறம் எதுக்குத்தான்யா பொருந்தும்?

அதுக்கப்பறம் கடைக்கு நாலு தடவை போயிட்டேன். மொத தடவை, அது உங்க பிரிண்டிங் லேப் தப்புன்னாங்க. ரெண்டாவது தடவை, டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட பேசிட்டுச் சொல்றோம்னாங்க. மூணாவது தடவை ஓனர் ஏற்காடு போயிருக்காரு, திங்கக்கிழமை வாங்கன்னாங்க. அக்கா அக்கான்னு டீ வாங்கிக் குடுத்த அதே பையன் என்னைப் பாத்து, மேடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கஸ்டமர் வராங்கன்னு சொல்றான். அப்போ நான் யாரு? நேத்து ஓனரே இருந்தாரு. போட்டோவைக் காமிச்சேன். சீல் பிரிச்சாச்சு, இனிமே கம்பெனிகிட்ட பேசிக்கங்க, அவ்வளவு கஷ்டமா இருந்தா 38,000க்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கறேன்னாரு. 70,000 வாங்கி 23 நாள்தான் ஆச்சு, அதுக்கு 38,000.

எதை எப்படிப் பாத்து வாங்கணும்னு விரிவா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்போ நிதானம் இல்ல, தோணறதச் சொல்லிடறேன். டிஸ்பிளே பீஸைப் பாத்து பாக்ஸை வாங்கினா மாடல் நம்பரைக் கடைசி எழுத்து வரைக்கும் ஒப்பிடுங்க, கடைலயே பிரிச்சு ஆன் பண்ணிப் பாருங்க. ஐபிஎஸ்ன்னா மட்டும் விடாதீங்க, எஸ்ஆர்ஜிபி எவ்வளவு, நிட்ஸ் எவ்வளவுன்னு கேளுங்க. சீரியல் நம்பரைப் போட்டு வாரண்டி தேதியைப் பாத்துட்டு அப்பறம் பணம் குடுங்க. சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாம காசை நீட்டாதீங்க. கூடுதல் வாரண்டி வேணும்னா கம்பெனி சைட்லயே வாங்குங்க, கீழ விழுந்து உடைஞ்சா அதுக்கு தனியா ஆக்சிடென்டல் டேமேஜ்னு வாங்கணும், சாதா வாரண்டில அது வராது. ஏற்காடு, வாழப்பாடி பக்கம் இருக்கறவங்க உங்க பின்கோடுக்கு ஆன்சைட் (ஆள் வீட்டுக்கே வந்து சரி பண்றது) உண்டான்னு மொதல்ல கேட்டுக்கங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் சேலத்துக்குத் தூக்கிட்டு வரணும், ஏற்காடுன்னா 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி வரணும்.

இன்னிக்கு காலைல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் குடுத்துட்டேன், எடுத்துக்கிட்டாங்க. பில் குடுக்காம இருக்கறதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகமாம், பில்லுல கெடு போடலன்னா 30 நாளுக்குள்ள குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்றதும் அப்படித்தானாம், தம்பி சட்டத்தையே எடுத்துக் காமிச்சான். எனக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள எழுத்துல ரிஜிஸ்டர் தபால் அனுப்பணும், அப்பவும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ். 5 லட்சத்துக்குள்ள இருக்கற பொருளுக்கு பீஸ் கிடையாதாம்.

கடை பேர் கேட்டு யாரும் மெசேஜ் பண்ணாதீங்க, கேஸ் போடப் போறதால இப்ப சொல்ல மாட்டேன். இதே மாதிரி எஸ்டிமேட் சீட்டை வச்சுக்கிட்டு ஆணையத்துல ஜெயிச்சவங்க யாராச்சும் இருந்தா மட்டும் சொல்லுங்க, யூபிஐல போன 40,000க்கு ஆதாரம் இருக்கு, கையில குடுத்த 30,000க்கு என்ன காட்டறதுன்னு தெரியல.