பேசுறதா, ஓட்டா, வித்துட்டுப் போறதா: எதுக்கு கம்பெனி அசையுது?

நம்ம பணத்தை மேனேஜ் பண்ற ஃபண்ட் ஹவுஸ், க்ளைமேட் விஷயத்துல ஒரு கம்பெனிய வழிக்குக் கொண்டுவரணும்னா மூணு வழி இருக்கு. கூப்பிட்டு பேசலாம், ஏஜிஎம்ல, அதாவது வருஷா வருஷம் நடக்குற ஷேர்ஹோல்டர் கூட்டத்துல, ஓட்டு போடலாம், இல்ல ஷேரை வித்துட்டு கிளம்பலாம்.

பேச்சுல பலனே இல்லன்னு சொல்ல மாட்டேன். பெரிய ஷேர்ஹோல்டர் தனியா கூப்பிட்டு "உங்க டார்கெட்ல ஸ்கோப் 3 (சப்ளையர்கள், பொருளை வாங்கிப் பயன்படுத்துறவங்க மூலமா வர்ற கார்பன்) எங்க?"ன்னு கேட்டா மேனேஜ்மென்ட் பதில் சொல்லித்தான் ஆகணும், வெளிய தெரியாததால மானம் போகாம மாத்திக்கவும் முடியும். ஆனா எத்தனை வருஷம் பேசிட்டே இருப்பீங்க? இத்தனை கம்பெனியோட என்கேஜ் பண்ணோம்னு ரிப்போர்ட்ல ஒரு நம்பர் வரும், ஒரு லெட்டர் அனுப்பினதும் அதுல ஒண்ணு, சிஇஓவோட அஞ்சு தடவ உட்கார்ந்து பேசினதும் ஒண்ணுன்னா அந்த நம்பர வெச்சு என்ன பண்றது? என்ன கேட்டாங்க, எப்போக்குள்ள, நடக்கலன்னா அடுத்து என்ன, இதத்தான் நான் தேடுவேன்.

முதலீட்டாளர்கள் கூட்டா சேர்ந்து கம்பெனிகளோட பேச 2017 டிசம்பர்ல க்ளைமேட் ஆக்‌ஷன் 100 பிளஸ் ஆரம்பிச்சாங்க, 2024 பிப்ரவரில பெரிய ஃபண்ட் ஹவுஸ்களான ஜேபி மார்கன் அசெட் மேனேஜ்மென்ட்டும் ஸ்டேட் ஸ்ட்ரீட்டும் அதுலருந்து வெளிய போயிட்டாங்க.

ஓட்டுலயும் ரெண்டு ரகம் இருக்கு, இத நிறைய பேர் பிரிச்சுப் பாக்குறதில்ல. அமெரிக்கால ஷேர்ஹோல்டர் கொண்டு வர்ற க்ளைமேட் தீர்மானம் பெரும்பாலும் ஆலோசனை மாதிரிதான், ஜெயிச்சாலும் போர்டு அதை செஞ்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல. டைரக்டர் எலெக்‌ஷன் அப்படி இல்ல, நாற்காலியே போகலாம். 2021 மே மாசம் அமெரிக்க எண்ணெய் கம்பெனி எக்ஸான்மொபில் ஏஜிஎம்ல இத பாத்தோம். எஞ்சின் நம்பர் 1னு ஒரு குட்டி ஃபண்ட், கையில இருந்தது வெறும் 0.02% ஷேர்தான், தன் ஆட்களை போர்டுக்கு நிறுத்துச்சு. எக்ஸான் மீட்டிங்கையே நடுவுல ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சுப் பாத்தாங்க, அப்படியும் கடைசில மூணு சீட் போயிடுச்சு. பிளாக்ராக், வேன்கார்ட் மாதிரி பெரிய ஃபண்ட் ஹவுஸ்களோட ஓட்டு அந்தப் பக்கம் விழலன்னா இது நடந்திருக்கவே நடந்திருக்காது.

அதே பிளாக்ராக் 2021ல சுற்றுச்சூழல், சமூகத் தீர்மானங்கள்ல 47%க்கு ஆதரவா ஓட்டு போட்டுச்சு, 2024ல அது சுமார் 4%. தீர்மானங்கள் ரொம்ப கெடுபிடியா வருதுன்னு காரணம் சொல்றாங்க. சிலதுக்கு அது உண்மைதான், ஆனா இவ்ளோ பெரிய இறக்கத்துக்கு அது மட்டும் போதும்னு எனக்குத் தோணல.

வித்துட்டுப் போறது மனசுக்கு சுத்தமா இருக்கும். நெதர்லாண்ட்ஸ் பென்ஷன் ஃபண்ட் ஏபிபி 2021ல ஃபாசில் ஃப்யூயல் கம்பெனிகள்லருந்து வெளிய வர்றதா அறிவிச்சுச்சு, நல்ல முடிவுதான். ஆனா வித்த ஷேரை வேற யாரோ வாங்குறான், அவன் க்ளைமேட் பத்தி கேள்வியே கேக்காதவனா இருந்தா? அதோட ஒரு பங்கு லிஸ்ட்டை அப்படியே ஃபாலோ பண்ற இன்டெக்ஸ் ஃபண்டால நெனச்சா விக்க முடியாது, இன்டெக்ஸ்ல இருக்குற வரைக்கும் வெச்சிருந்தே ஆகணும், அப்போ அவங்களுக்கு பேச்சையும் ஓட்டையும் விட்டா வேற ஆயுதமே கிடையாது.

என் ஓட்டு டைரக்டருக்கு எதிரா ஓட்டு போடுறதுக்குத்தான், அதுவும் முதல்ல பேசி கெடு கொடுத்துட்டு. நார்வே அரசு ஃபண்ட் எப்படி ஓட்டு போடப் போறோம்னு மீட்டிங்குக்கு அஞ்சு நாள் முன்னாடியே வெளியிடுறாங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பழக்கம். உங்க ஃபண்டோட ஓட்டு ரெக்கார்ட் கிடைச்சா தீர்மானத்தை மட்டும் பாக்காதீங்க, பெரிய எண்ணெய் கம்பெனி சேர்மன் திரும்ப நின்னப்போ எந்தப் பக்கம் ஓட்டு விழுந்துச்சுன்னு பாருங்க.