28, 37, 49: கார்ட்டர், ஹார்ட், மெக்கெய்ன் ஆகிய மூவருக்கும் அடித்த காற்று

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள நியூ ஹாம்ப்ஷயர் என்ற சிறு மாநிலத்தின் முன்தேர்தலில், அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்கு மாநில வாக்காளர்கள் வாக்களிக்கும் தேர்தலில், கட்சித் தலைமை பெரிதாக எண்ணியிராத மூவர் வெவ்வேறு ஆண்டுகளில் முதலிடம் பிடித்தனர். ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர் 1976-இல் ஏறத்தாழ 28 விழுக்காடு வாக்குகளும், அதே கட்சியின் கேரி ஹார்ட் 1984-இல் 37 விழுக்காடும், குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் 2000-இல் ஏறத்தாழ 49 விழுக்காடும் பெற்றார்கள். அந்தந்த ஆண்டில் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஆனவர் இவர்களுள் ஒருவர்தாம். அவர் மிகக் குறைந்த விழுக்காட்டில் வென்ற கார்ட்டர். வெற்றியின் அளவுக்கும் அதன் பயனுக்கும் இடையே உள்ள இந்த முரண்தான் மூவரையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுகிறது.

ஜார்ஜியா மாநிலத்தின் முன்னாள் ஆளுநரான கார்ட்டர் தம் போட்டியை 1974 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டு, ‘எந்த ஜிம்மி?’ என்று கேட்டவர்களிடையே ஓராண்டுக்கும் மேலாக ஊர் ஊராகச் சுற்றினார். 1976 ஜனவரி 19 அன்று அயோவா மாநிலத்தில் நடந்த காக்கஸில், அதாவது கட்சிக்காரர்கள் பகுதிவாரியாகக் கூடித் தம் விருப்பத்தைத் தெரிவிக்கும் கூட்டங்களில், அவருக்கு ஏறத்தாழ 28 விழுக்காடு கிடைத்தது. உண்மையில் அன்று முதலிடம் பெற்றது எந்த வேட்பாளரும் அல்லர். 37 விழுக்காட்டினர் எவருக்கும் உறுதி கூறாமல் நின்றார்கள். ஆயினும் களத்தில் நின்ற மனிதர்களுள் கார்ட்டர் முந்திவிட்டார் என்பதால் செய்தியாளர்கள் அவரையே வெற்றியாளராகக் காட்டினார்கள். ‘யாருமில்லை’ என்ற அணியிடம் தோற்றும் ஒருவர் வெற்றியாளராகப் பேசப்பட்ட விந்தை அது.

அந்தப் பேச்சைப் பயன்படுத்திக்கொள்ள அவருக்கு 36 நாட்கள் இருந்தன. நியூ ஹாம்ப்ஷயர் பிப்ரவரி 24 அன்றுதான் வாக்களித்தது. இதைவிட முக்கியமானது, எதிரே நின்றவர்களின் நிலை. மோரிஸ் யூடால், பெர்ச் பை, ஃபிரெட் ஹாரிஸ், சார்ஜென்ட் ஷ்ரைவர் ஆகியோர் கட்சியின் தாராளவாத வாக்குகளைத் தங்களுக்குள் கூறுபோட்டுக்கொண்டார்கள். நடுநிலைச் சாய்வுள்ள வாக்காளர்களின் முன் கார்ட்டர் கிட்டத்தட்டத் தனியாக நின்றார். அடுத்த வாரமே மாசசூசெட்ஸில் அவர் நான்காம் இடத்துக்குச் சரிந்தபோதும் முயற்சி முறியவில்லை. மார்ச் 9 அன்று புளோரிடாவில், நிறவெறி அரசியலின் முகமாக இருந்த ஜார்ஜ் வாலஸை அவர் 34-க்கு 31 என்ற கணக்கில் வென்றார். பிந்திய மாதங்களில் ஃபிராங்க் சர்ச்சும் ஜெர்ரி பிரவுனும் புகுந்து அவரைப் பல மாநிலங்களில் தோற்கடித்தார்கள். ஆனால் அதற்குள் அவர் மாநிலந்தோறும் போட்டியிட்டு, கட்சி மாநாட்டில் தமக்கு வாக்களிக்கும் பிரதிநிதிகளைச் சேர்த்துவிட்டிருந்தார்.

ஹார்ட்டின் கதை இன்னும் வேகமானது. கொலராடோவின் செனட்டரான அவர் 1984 பிப்ரவரி 20 அன்று அயோவாவில் பெற்றது 16 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய இரண்டாம் இடம். முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேல் 49 விழுக்காட்டுடன் எட்டாத உயரத்தில் இருந்தார். ஆனால் மாண்டேலுக்குப் பெரும் போட்டியாகக் கருதப்பட்ட விண்வெளி வீரர் ஜான் கிளென் படுவீழ்ச்சி அடைந்ததால், மாண்டேலை விரும்பாதவர்கள் அனைவரும் ஹார்ட்டின் பக்கம் திரும்பினார்கள். எட்டே நாட்களில் நியூ ஹாம்ப்ஷயர் அவருடையதாயிற்று. தொடர்ந்து மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களும் வந்தன.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். தூற்றுவதற்குக் களத்தில் நெல் இருக்க வேண்டும். புளோரிடா, இல்லினாய் முதலிய மாநிலங்களில் ஹார்ட்டின் குழு தம் சார்பில் நிற்க வேண்டிய பிரதிநிதிகளின் பெயர்களை முழு எண்ணிக்கையில் பதிவு செய்திருக்கவில்லை. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தீர்மானிப்பவர்கள் அந்தப் பிரதிநிதிகளே என்பதால், வாக்காளர் மனம் மாறிய பிறகும் அந்த மாற்றம் முழுமையாக எண்ணிக்கையாகவில்லை. இதில் வியப்பு என்னவென்றால், 1972-இல் வேட்பாளர் தேர்வுக்கான புதிய விதிகளின் நெளிவுசுளிவுகளை நன்கறிந்து ஜார்ஜ் மெக்கவர்னை வேட்பாளராக்கிய பரப்புரையின் மேலாளரே இந்த ஹார்ட்தான்.

மார்ச் 11 அன்று அட்லாண்டாவில் நடந்த விவாதத்தில், ஹார்ட் அடிக்கடி சொல்லிவந்த ‘புதிய சிந்தனைகள்’ என்ற முழக்கத்தை மாண்டேல் ஓர் உணவக விளம்பரத்தின் சொற்களால் மடக்கினார்: ‘இறைச்சி எங்கே?’ ரொட்டி பெரிது, உள்ளே ஒன்றுமில்லை என்ற அந்தக் கேலி ஊரெங்கும் பரவியது. எனினும் கேலியால் மட்டும் ஹார்ட் தோற்றார் என்று எழுதுவது எளிய கதை. தொழிற்சங்கங்களின் ஆதரவோடு இல்லினாய், நியூயார்க், பென்சில்வேனியா என்ற பெருமாநிலங்களைப் பற்றிக்கொண்ட ஒரே எதிராளி அவருக்கு இருந்தார் என்பதே வலுவான காரணம் எனக் கருதுகிறேன். ஜூன் மாதம் கலிஃபோர்னியாவை வென்றும் ஹார்ட்டால் மாண்டேலைத் தடுக்க முடியவில்லை.

மெக்கெய்ன் அயோவாவை ஒதுக்கிவிட்டு நியூ ஹாம்ப்ஷயரிலேயே தம் உழைப்பையெல்லாம் கொட்டினார்; நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்களில் மக்களின் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொன்னார். 2000 பிப்ரவரி 1 அன்று ஜார்ஜ் புஷ்ஷை ஏறத்தாழ 18 விழுக்காடு வேறுபாட்டில் வீழ்த்தினார். மூன்று வெற்றிகளில் இதுவே பெரியது. இதன் அடித்தளமே பலவீனமானதும்கூட. கட்சி சாராதவர்களும் வாக்களிக்கலாம் என்ற விதி அங்கே அவருக்குக் கைகொடுத்தது. குடியரசுக் கட்சியினர் மட்டும் வாக்களித்த இடங்களில் அந்த உதவி இல்லை. பரப்புரைக்கான அரசு நிதியை ஏற்றதால் மெக்கெய்னுக்குச் செலவு வரம்பு இருந்தது. அதை மறுத்த புஷ்ஷுக்கு வரம்பே இல்லை. 18 நாட்கள் கழித்துத் தென் கரோலினாவில் புஷ் 53, மெக்கெய்ன் 42 என்று முடிவு வந்தது. மிச்சிகன் வெற்றி சற்றே மூச்சு விட வைத்தாலும், மார்ச் 7 அன்று அவருக்கு மிஞ்சியவை நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்குப் பகுதியின் நான்கு மாநிலங்களே. மார்ச் 9 அன்று விலகினார்.

ஆகவே மூவருள் எவரது முயற்சி சிறந்தது என்று கேட்டால், கூட்டத்தை ஈர்த்ததில் மெக்கெய்னையும், வேகத்தில் ஹார்ட்டையும் சொல்வேன்; ஆனால் எதிரணி சிதறிக் கிடந்தது கார்ட்டருக்கு மட்டுமே வாய்த்தது, அவரும் அதைப் பிரதிநிதிகளாக மாற்றும் ஏற்பாட்டோடு காத்திருந்தார். இந்தக் கணிப்புக்கு மெக்கெய்னே பின்னர் சான்றானார். 2008-இல் அவர் மீண்டும் நியூ ஹாம்ப்ஷயரை வென்று தென் கரோலினாவுக்குச் சென்றபோது, மைக் ஹக்கபி, ஃபிரெட் தாம்சன், மிட் ராம்னி ஆகியோர் எதிரே தனித்தனியாக நின்றார்கள். 2000-இல் 42 விழுக்காடு பெற்றுத் தோற்ற அதே மாநிலத்தை, இம்முறை 33 விழுக்காட்டில் அவர் வென்றார்.